மூன்று பேருந்துகளும் ஒரு நெடுஞ்சாலையும்

1978 ஜூலை 5 அன்று அமெரிக்காவின் டென்வர் நகரில், மாற்றுத்திறனாளிகள் 19 பேர் பரபரப்பான ஒரு சந்திப்பில் இரண்டு நகரப் பேருந்துகளை மறித்துக்கொண்டார்கள். பெரும்பாலானவர்கள் சக்கர நாற்காலியில் இருந்தவர்கள். இரவு முழுக்க அங்கேயே கிடந்தார்கள். 2022 நவம்பரில் லண்டனைச் சுற்றி ஓடும் எம்25 நெடுஞ்சாலையில், சாலைக்குக் குறுக்கே அறிவிப்புப் பலகைகளைத் தாங்கி நிற்கும் இரும்புச் சட்டங்களின் மேல் காலநிலைப் போராட்டக்காரர்கள் 45 பேர் ஏறினார்கள். நான்கு நாட்கள் போக்குவரத்து திணறியது.

இரண்டும் மறியல்தான். இரண்டிலும் சம்பந்தமில்லாதவர்கள் நடுவழியில் மாட்டிக்கொண்டார்கள். ஆனாலும் டென்வரை நினைத்தால் எனக்கு மனம் நிமிர்கிறது. எம்25-ஐ நினைத்தால், அவர்கள் கேட்டது நியாயம் என்று நம்புகிற எனக்கே நெஞ்சில் ஏதோ இடறுகிறது. மறியலில் உட்கார்ந்தும் இருக்கிறேன், மறியலில் மாட்டிக்கொண்டு தவித்தும் இருக்கிறேன். அதனால் இந்த வேறுபாடு எங்கிருந்து வருகிறது என்பதை அப்படியே விட்டுவிட மனம் வரவில்லை.

இடைஞ்சல் தரும் போராட்டம் சரியா தவறா என்று மொத்தமாகக் கேட்டால், அவரவர் ஏற்கெனவே வைத்திருக்கும் பதில்தான் வரும். நான்கு போராட்டங்களை அருகருகே வைத்துப் பார்க்கிறேன். மூன்றில் பேருந்து வருகிறது, ஒன்றில் நெடுஞ்சாலை.

அதற்கு முன், யாருக்கும் தொந்தரவு தராத வழியைப் பற்றிக் கொஞ்சம். 2003 பிப்ரவரி 15 அன்று ஈராக் போருக்கு எதிராக உலகின் நூற்றுக்கணக்கான நகரங்களில் பல பத்து லட்சம் பேர் பேரணி போனார்கள். ஒழுங்காக நடந்து, ஒழுங்காக வீடு திரும்பினார்கள். மார்ச் 20 அன்று போர் தொடங்கிவிட்டது. பேரணி வீண் என்று நான் சொல்லமாட்டேன். நம்மோடு எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதை நமக்கே காட்டுவது அதுதான். ஆனால் முடிவெடுக்கிறவர் அதை ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுத் திரும்பித் தன் வேலையைத் தொடரலாம். அவருக்கு அன்றைக்கு எந்த நட்டமும் இல்லை.

ஏறாத பேருந்து

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தின் மாண்ட்கோமரி. 1955 டிசம்பர் 1 அன்று, பேருந்தில் வெள்ளையருக்கு இருக்கையை விட்டுக்கொடுக்க மறுத்த ரோசா பார்க்ஸ் கைதானார். டிசம்பர் 5 முதல் 381 நாட்கள் கறுப்பின மக்கள் நகரப் பேருந்தில் ஏறவில்லை. பயணிகளில் ஏறத்தாழ முக்கால் பங்கு அவர்கள்தான் என்பதால் வண்டிகள் காலியாக ஓடின.

இந்த முறையின் அறம் எளிதில் விளங்குகிறது. இழப்பு முதலில் போராடுகிறவர் தலையில் விழுகிறது. வேலைக்கு மைல் கணக்கில் நடந்தார்கள். சுமார் 300 கார்களை ஒன்றுசேர்த்துத் தங்களுக்குள் ஒரு போக்குவரத்தையே நடத்தினார்கள். மார்ட்டின் லூதர் கிங்கின் வீட்டில் குண்டு வீசப்பட்ட பிறகும் பதிலுக்கு யாரும் கை ஓங்கவில்லை.

அதிகம் பேசப்படாத ஒன்று உண்டு. தொடக்கத்தில் அவர்கள் இனப்பிரிவினையை முழுதாக ஒழிக்கச் சொல்லிக்கூடக் கேட்கவில்லை. மரியாதையாக நடத்துங்கள், கறுப்பின ஓட்டுநர்களை வேலைக்கு எடுங்கள், வந்த வரிசைப்படி உட்காரவிடுங்கள் என்றார்கள். அதுவும் மறுக்கப்பட்டது. 1956 ஏப்ரலில், வருமானம் இழந்த பேருந்து நிறுவனம் இறங்கிவரத் தயாரானது. நகர நிர்வாகம் விடவில்லை. நட்டம் ஒருவருக்கு, முடிவு இன்னொருவர் கையில். கடைசியில் பிரிவினையை முறித்தது உச்ச நீதிமன்றம். வழக்கு நடந்த மாதங்களில் ஊரைக் கலையாமல் கட்டிவைத்திருந்தது புறக்கணிப்பு. இந்த இரண்டில் எது வென்றது என்று பிரித்துச் சொல்கிறவர்களை நான் நம்புவதில்லை.

இடைஞ்சல் மறியல்களைக் கண்டிக்கிறவர்கள் எப்போதும் மாண்ட்கோமரியைத்தான் எடுத்துக்காட்டுவார்கள். பாருங்கள், எவ்வளவு கண்ணியமாகப் போராடினார்கள் என்பார்கள். கண்ணியம் உண்மை. ஆனால் புறக்கணிக்க வேண்டுமானால் திரும்பப் பெற்றுக்கொள்ள நம் கையில் ஏதாவது இருக்க வேண்டும். மாண்ட்கோமரி மக்களிடம் பயணக் கட்டணம் இருந்தது.

நகராத பேருந்து

டென்வரின் 19 பேரிடம் அதுகூட இல்லை. பேருந்துகளில் சக்கர நாற்காலியை ஏற்றும் தூக்கி இல்லை. பேசிப் பார்த்தார்கள், நீதிமன்றத்துக்கும் போய்ப் பார்த்தார்கள். ஏறவே முடியாதவர் எந்தப் பேருந்தைப் புறக்கணிப்பார்? அவர் ஏறாமல் இருப்பதை யார் கவனிப்பார்கள்?

அதனால் முன்னால் போய் நின்றார்கள். இந்த இடத்தில்தான் இடைஞ்சலின் அறம் எனக்குத் தெளிவாகிறது. அன்று பேருந்துக்குள் இருந்த பயணி சில மணி நேரம் போக வேண்டிய இடத்துக்குப் போகமுடியாமல் தவித்தார். வெளியே நின்றவருக்கு அது வாழ்நாள் முழுக்க இருந்த நிலை. அந்த மறியலுக்கு விளக்கத் துண்டறிக்கை தேவைப்படவில்லை. பேருந்தையும் அதன் முன் நிற்கும் நாற்காலியையும் பார்த்தாலே கோரிக்கை புரிந்துவிடும். 1963-ல் பர்மிங்ஹாம் சிறையிலிருந்து எழுதிய கடிதத்தில் கிங் சொன்னதும் இதுதான்: பதற்றத்தை உண்டாக்குவது நாங்களில்லை, உள்ளே ஏற்கெனவே இருப்பதை வெளியே கொண்டுவருகிறோம்.

இன்னொன்றும் பொருந்தி அமைந்தது. மறிக்கப்பட்ட வண்டி யாருடையதோ, அவர்களால்தான் கோரிக்கையை நிறைவேற்றவும் முடியும். சில ஆண்டுகளில் நகரப் போக்குவரத்து நிர்வாகம் இறங்கிவந்தது. அந்த இயக்கம் நாடெங்கும் பரவியது. 1990-ல் வந்த மாற்றுத்திறனாளிகள் சட்டம், புதிய பேருந்துகள் எல்லாவற்றிலும் அவர்கள் ஏற வழி இருக்கவேண்டும் என்றது. அதே ஆண்டு மார்ச்சில், சட்டம் இழுபறியில் இருந்தபோது, நாடாளுமன்றக் கட்டடத்தின் முன் 60-க்கும் மேற்பட்டவர்கள் நாற்காலிகளை விட்டு இறங்கிப் படிகளில் கைகளால் ஊர்ந்து ஏறினார்கள். அன்று அவர்கள் யாரையும் மறிக்கவில்லை. யாரை மறிப்பது, எப்போது மறிக்காமல் இருப்பது என்று அறிந்த இயக்கம் அது.

இலக்கு பொருந்துவதும் தவறுவதும் ஒரே அமைப்பின் கையிலேயே நடக்கலாம். எய்ட்ஸ் நோயாளிகளுக்காகப் போராடிய ஆக்ட் அப் அமைப்பு, 1989 செப்டம்பர் 14 அன்று நியூயார்க் பங்குச் சந்தைக்குள் புகுந்தது. ஏழு பேர் மாடத்தில் தங்களைச் சங்கிலியால் பிணைத்துக்கொண்டு, எய்ட்ஸுக்கான ஏஇசட்டி மருந்தின் விலையைக் குறைக்கச் சொன்னார்கள். சில நாட்களிலேயே தயாரிப்பு நிறுவனம் விலையை 20 சதவீதம் குறைத்தது. அதே அமைப்பு அதே ஆண்டு டிசம்பர் 10 அன்று செயின்ட் பேட்ரிக் பேராலயத்தில் திருப்பலியின் நடுவே போராடியது. ஆணுறை பற்றிய பிரசாரத்தை எதிர்த்த திருச்சபைத் தலைமை மீது அவர்களுக்கு இருந்த கோபம் நியாயமானது. ஆனால் போராட்டக்காரர் ஒருவர், வழிபாட்டில் புனிதமாகக் கருதப்படும் நற்கருணை அப்பத்தை நொறுக்கினார். செய்திகளில் அது மட்டுமே நின்றது. வணங்க வந்தவர்களின் நெஞ்சில் பட்டது, தலைமையைத் தொடவில்லை.

நின்ற நெடுஞ்சாலை

இப்போது எம்25. ஜஸ்ட் ஸ்டாப் ஆயில் அமைப்பின் கோரிக்கை, புதிய எண்ணெய், எரிவாயு உரிமங்களை அரசு வழங்கக்கூடாது என்பது. நான்கு நாட்களில் 7 லட்சத்துக்கும் மேற்பட்ட வாகனங்கள் பாதிக்கப்பட்டதாக நீதிமன்றத்தில் சொல்லப்பட்டது. சிகிச்சைக்கான நாளைத் தவறவிட்ட புற்றுநோயாளி ஒருவர் பற்றியும் பேசப்பட்டது. அந்த நோயாளியால் எந்த உரிமத்தையும் நிறுத்த முடியாது. கார்களில் இருந்த யாராலும் முடியாது. செலவு முழுக்க முடிவெடுக்க அதிகாரமில்லாதவர்கள் மேல் விழுந்தது. என் இடறல் இங்கேதான்.

ஆனால் அவர்கள் பக்கமும் நின்று பார்க்க வேண்டும். புவி வெப்பமாதலால் நாளை அடிபடப் போகிறவர்களில் பலர் இன்னும் பிறக்கவில்லை. திரும்பப் பெற்றுக்கொள்ள அவர்களிடம் கட்டணமும் இல்லை, உழைப்பும் இல்லை, வாக்கும் இல்லை. டென்வரின் 19 பேரைவிட வெறுங்கை. அவர்களுக்காகப் பேசுகிறவர் கடைசியில் சாலைக்கு வந்து நிற்பதில் வியப்பில்லை.

பலன் என்ன? இது குழப்பமானது, குழப்பமாகவே சொல்கிறேன். எல்லை மீறிய செயல்கள் அந்தப் போராட்டத்தின் மீதான ஆதரவைக் குறைக்கின்றன என்று 2020-ல் வெளியான ஓர் உளவியல் ஆய்வு சொன்னது. ஆனால் எம்25 மறியலுக்கு முன்னும் பின்னும் மக்களிடம் கேட்டறிந்து 2024-ல் வெளியான இன்னொரு ஆய்வில், மிதவாத அமைப்பான ஃபிரெண்ட்ஸ் ஆஃப் தி எர்த்துக்கு இருந்த ஆதரவு 50.3 சதவீதத்திலிருந்து 52.9 ஆக உயர்ந்திருந்தது. தீவிரமானவர் திட்டு வாங்க, பக்கத்தில் நிற்கும் மிதமானவர் நியாயஸ்தராகத் தெரிகிறார். இரண்டு முடிவுகளும் ஒன்றையொன்று மறுக்கவில்லை. மறிக்கிறவர் தன் பெயரைச் செலவழித்து அடுத்தவருக்கு ஆதரவு சேர்க்கிறார். 2024-ல் ஆட்சிக்கு வந்த கட்சி, புதிய எண்ணெய், எரிவாயு வயல்களுக்கு உரிமம் தரமாட்டோம் என்ற வாக்குறுதியோடுதான் வந்தது. 2025-ல் அமைப்பு, தாங்கள் வென்றுவிட்டதாகச் சொல்லி நேரடிப் போராட்டங்களை நிறுத்திக்கொண்டது. எவ்வளவு பங்கு அவர்களுடையது என்று யாராலும் அளந்து சொல்ல முடியாது.

இன்று கொண்டாடப்படும் போராளிகளையும் அன்றைக்கு மக்கள் வெறுக்கத்தான் செய்தார்கள் என்பது மறியலாளர்கள் வழக்கமாகச் சொல்லும் வாதம். அதில் பாதி உண்மை. 1961-ல் கேலப் கருத்துக்கணிப்பில் 61 சதவீத அமெரிக்கர்கள், தென்மாநிலப் பேருந்துகளில் இனப்பிரிவினையை மீறிப் பயணம் செய்தவர்களை ஏற்கவில்லை. கறுப்பின மக்களின் உரிமைக்காக 1963-ல் நடந்த வாஷிங்டன் பேரணியை 60 சதவீதம் பேர் விரும்பவில்லை. மறு ஆண்டே இனப்பாகுபாட்டைத் தடைசெய்யும் குடிமை உரிமைகள் சட்டம் வந்தது. ஆக, வெறுப்பு இருந்தாலே தோல்வி என்று சொல்ல முடியாது. அதற்காக, வெறுப்பைச் சம்பாதித்தாலே சரியான வழி என்றும் ஆகிவிடாது. இந்த இரண்டாவது தவறைப் போராடுகிறவர்கள் அடிக்கடி செய்கிறார்கள்.

உயிர் விஷயத்தில் மட்டும் எனக்குத் தயக்கமே இல்லை. 2022 அக்டோபர் 31 அன்று பெர்லினில் விபத்தில் சிக்கிய ஒரு பெண்ணை மீட்க வந்த சிறப்பு வாகனம், காலநிலை மறியலால் ஏற்பட்ட நெரிசலில் தாமதமானது. அவர் பின்னர் இறந்தார். அந்த வாகனம் நேரத்துக்கு வந்திருந்தாலும் சிகிச்சை மாறியிருக்காது என்று அங்கிருந்த மருத்துவர் கருதியதாகத் தெரியவந்தது. அதற்குள் நாடே தீர்ப்பு எழுதிவிட்டது. ஆம்புலன்ஸுக்கு வழி விடுவது மறியலின் முதல் கடமை. அது மறிக்கிறவர் கையில் மட்டும் இல்லை, பின்னால் தேங்கும் நெரிசலும் அதைத் தீர்மானிக்கிறது. அதிவேக நெடுஞ்சாலையை மறிக்கிறவர் தன்னால் காப்பாற்ற முடியாத வாக்கைத் தருகிறார்.

உடைப்பு, தீவைப்பு பற்றிச் சுருக்கமாக. பிரிட்டனில் வாக்குரிமை கேட்ட பெண்களில் ஒரு பிரிவினர் 1912-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கடை ஜன்னல்களை உடைத்தார்கள், வெற்றுக் கட்டடங்களுக்குத் தீ வைத்தார்கள். 1914 மார்ச்சில் ஒருவர் லண்டன் தேசியக் காட்சிக்கூடத்தில் வெலாஸ்கெஸின் ஓவியத்தை வெட்டிக் கிழித்தார். மில்லிசென்ட் ஃபாசெட்டின் மிதவாத அமைப்பு அதே காலத்தில் பொறுமையாகக் கிளைகளைப் பெருக்கியது. முதல் உலகப்போர் வந்து உடைப்பு நின்றபிறகு, 1918-ல்தான், 30 வயது கடந்த பெண்களில் ஒரு பகுதியினருக்கு வாக்கு கிடைத்தது. இரு தரப்பும் வெற்றியைச் சொந்தம் கொண்டாடலாம். ஆனால் மனிதர்கள் மேல் கை வைக்கும் வன்முறை பற்றிய கணக்கு தெளிவானது. 1900 முதல் 2006 வரை நடந்த 323 எழுச்சிகளைத் திரட்டிய ஆய்வில், வன்முறையற்றவை 53 சதவீதம் வென்றன, வன்முறையானவை 26 சதவீதம். அவை ஆட்சி மாற்றத்துக்கும் விடுதலைக்குமான எழுச்சிகள். ஒரு சட்டத் திருத்தம் கேட்கும் போராட்டத்துக்கு அந்த எண்ணை அப்படியே ஒட்டவைக்கக்கூடாது.

கட்டணம் வாங்காத பேருந்து

2018-ல் ஜப்பானின் ஒகயாமா நகரில், தங்கள் வேலைப் பாதுகாப்புக்காகப் போராடிய பேருந்து ஓட்டுநர்கள் வண்டியை நிறுத்தவில்லை. வழக்கம்போல ஓட்டினார்கள். கட்டணம் மட்டும் வாங்கவில்லை. பயணி நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தார், நிறுவனத்துக்கு மட்டும் வருமானம் நின்றது. நட்டம் யாருக்கு விழவேண்டுமோ அவருக்கு மட்டும் விழுந்தது. நான்கு முறைகளில் அறத்தில் மிகச் சுத்தமானது இதுதான் என்பேன்.

எல்லோராலும் இதைச் செய்ய முடியாது. இயந்திரம் கையில் இருக்கிறவருக்கே இது வாய்க்கும். பல நாடுகளில் வேலையை நிறுத்துகிறவருக்குச் சட்டம் தரும் பாதுகாப்பு, வேலை செய்துகொண்டே வசூலிக்க மறுப்பவருக்குக் கிடைப்பதில்லை. ஊரை நிறுத்தினால் வேலைநிறுத்தம், ஊருக்கு உதவினால் ஒழுங்கீனம்! சட்டங்களை எழுதுகிறவர்களுக்குப் பொதுமக்களின் சிரமம் உண்மையிலேயே பெரிதென்றால், முதலில் திருத்த வேண்டியது இதைத்தான்.

என் வரிசை இது. கையில் கட்டணமோ உழைப்போ இருந்தால் ஒகயாமா அல்லது மாண்ட்கோமரி. அதுவும் இல்லையென்றால் டென்வர்: கோரிக்கை எங்கே மறுக்கப்படுகிறதோ அந்த வாசலில் நில். எண்ணெய் நிறுவனத்தின் வாயில், அதற்குக் கடன் தரும் வங்கியின் தலைமையகம், உரிமத்தில் கையெழுத்திடும் அமைச்சகம் எல்லாம் இருக்கும்போது நெடுஞ்சாலைக்குப் போவதை என்னால் ஏற்க முடியவில்லை. அந்த வாசல்களில் நின்றால் கேமராக்கள் வருவதில்லை என்று அவர்கள் சொல்வார்கள். அது ஊடகத்தின் மேல் வைக்கவேண்டிய குற்றச்சாட்டு. அதற்கான விலையைப் புற்றுநோயாளியிடம் வசூலிக்க முடியாது.

அதே மூச்சில் இதையும் சொல்ல வேண்டும். 1956-ல், இனவெறி ஊறிய அலபாமாவின் நீதிமன்றம், புறக்கணிப்பை நடத்திய குற்றத்துக்காகக் கிங்குக்கு 500 டாலர் அபராதம் விதித்தது. 2024-ல் பிரிட்டன் நீதிமன்றம், எம்25 மறியலுக்கு இணையவழிக் கூட்டத்தில் திட்டம் போட்டதற்காக ஒருவருக்கு 5 ஆண்டுகளும் நால்வருக்குத் தலா 4 ஆண்டுகளும் சிறை விதித்தது. மேல்முறையீட்டில் கொஞ்சம் குறைந்தது. அந்த மறியலை நான் ஏற்கவில்லை. அந்தத் தண்டனையையும் ஏற்கவில்லை.