அப்பாச்சியிடமே கேட்பது: மாட்-ஸ்டேட்டஸ், மாட்-இன்ஃபோ மாட்யூல்கள் குறித்து ஒரு மதிப்பீடு

தளம் மெதுவாக இருக்கிறது என்ற புகார் வந்தவுடன் பெரும்பாலோர் முதலில் திறப்பது, வந்த கோரிக்கைகள் பதிவாகும் ஆக்சஸ் லாகைத்தான். ஆனால் வலைத்தளங்களை வழங்கும் சர்வர் மென்பொருளான அப்பாச்சி ஒரு கோரிக்கைக்குப் பதில் அனுப்பி முடித்த பிறகே அதற்குரிய வரியை லாகில் எழுதுகிறது. ஆகவே இந்தக் கணத்தில் எது சிக்கிக்கொண்டு நிற்கிறதோ, அது அந்தக் கோப்பில் இருக்காது. அதைச் சர்வரிடமே நேரடியாகக் கேட்பதற்கு அப்பாச்சியுடனேயே இரண்டு மாட்யூல்கள் (துணைப் பகுதிகள்) வருகின்றன. யார் இணைந்திருக்கிறார்கள் என்பதை மாட்-ஸ்டேட்டஸ் காட்டும். எந்த அமைப்புகளுடன் சர்வர் ஓடுகிறது என்பதை மாட்-இன்ஃபோ காட்டும். முதலாவதை நான் எல்லா சர்வர்களிலும் வைத்திருக்கிறேன். இரண்டாவதைத் தேவைப்படும் அரை மணி நேரத்துக்கு மட்டும் இயக்கிவிட்டு நிறுத்திவிடுகிறேன்.

டெபியன், உபுண்டு ஆகிய லினக்ஸ் வகைகளில் மாட்-ஸ்டேட்டஸ் நிறுவும்போதே இயங்கிய நிலையில் வருகிறது. 'சர்வர்-ஸ்டேட்டஸ்' என்ற முகவரியை அதே கணினியிலிருந்து, வலை முகவரிகளைத் திறக்கும் கர்ல் கட்டளையால் அழைத்தால் போதும்; முகவரியின் இறுதியில் கேள்விக்குறியிட்டு 'ஆட்டோ' என்று சேர்த்தால், கண்காணிப்பு மென்பொருள்கள் படிப்பதற்கேற்ற வெறும் எழுத்து வடிவில் பதில் கிடைக்கும். வேர்ட்பிரஸ் தளங்களில் மட்டும் ஒரு சிறு தொல்லை உண்டு. கோப்பாகவோ அடைவாகவோ இல்லாத எந்த முகவரியையும் வேர்ட்பிரஸின் ரீரைட் (முகவரியைத் திசைமாற்றும்) விதிகள் தம் பக்கம் இழுத்துக்கொள்வதால், ஸ்டேட்டஸ் பக்கத்துக்குப் பதிலாக 'பக்கம் இல்லை' என்னும் வேர்ட்பிரஸின் 404 பக்கம் வந்து நிற்கும். அந்த விதிகளுக்கு முன்னால் இந்த முகவரிக்கு விலக்கு அளிக்கும் ஒரு நிபந்தனையைச் சேர்த்தால் சரியாகிவிடும்.

இந்த மாட்யூலின் உயிர் ஸ்கோர்போர்டு எனப்படும் எழுத்துக் கட்டத்தில் இருக்கிறது. கோரிக்கைகளைக் கவனிக்கும் ஒவ்வொரு வொர்க்கருக்கும் ஓர் எழுத்து: அடிக்கோடு என்றால் சும்மா காத்திருக்கிறது, 'ஆர்' என்றால் கோரிக்கையைப் படித்துக்கொண்டிருக்கிறது, 'டபிள்யூ' என்றால் பதில் அனுப்புகிறது, 'கே' என்றால் அதே இணைப்பில் அடுத்த கோரிக்கை வருமா என்று பார்த்துக்கொண்டிருக்கிறது, புள்ளி என்றால் இன்னும் ஆளே இல்லாத காலியிடம். நான் பராமரித்த ஒரு தளம் தினமும் மாலை ஏழு மணிக்குமேல் திறக்கவே மறுத்தது. சிபியுவோ மெமரியோ நிறையவில்லை. ஒருநாள் மாலை, நெரிசல் ஏறிக்கொண்டிருந்த நேரத்தில் ஸ்கோர்போர்டைத் திறந்தபோது, ஓர் இணைப்புக்கு ஒரு வொர்க்கரை ஒதுக்கும் ப்ரீஃபோர்க் முறையில் இருந்த 150 இடங்களில் ஏறக்குறைய எல்லாவற்றிலும் 'கே' வரிசையாக நின்றது. நடுவில் அங்கொன்றும் இங்கொன்றுமாக நான்கைந்து 'டபிள்யூ'. மதிய நேரத்து மெஸ்ஸில் சாப்பிட்டு முடித்தவர்கள் கை கழுவ எழாமல் இலை முன்னாலேயே உட்கார்ந்திருக்க, வாசலில் கூட்டம் காத்திருப்பதைப் போன்ற நிலை. அடுத்த கோரிக்கைக்காக இணைப்பைத் திறந்துவைக்கும் கீப்-அலைவ் காலக்கெடுவை யாரோ 60 விநாடியாக உயர்த்தி வைத்திருந்தார்கள். அதன் இயல்பு மதிப்பு 5 விநாடி மட்டுமே. அதை 3 ஆகக் குறைத்த மாலையே புகார் நின்றது. அப்பாச்சியின் இன்னோர் இயங்குமுறையான ஈவென்ட் முறைக்கு மாறியிருந்தாலும் தீர்ந்திருக்கும், ஏனெனில் அதில் இவ்வாறு காத்திருக்கும் இணைப்புகள் ஒரு வொர்க்கரைப் பிடித்துவைப்பதில்லை. ஸ்டேட்டஸ் பக்கத்தில் அவை தனி நெடுவரிசையில் எண்ணிக்கையாக மட்டும் தெரியும்.

மற்ற எழுத்துகளும் இப்படியே பேசும். கட்டம் முழுவதும் 'ஆர்' நிறைந்தால், தலைப்பு வரிகளைச் சொட்டுச் சொட்டாக அனுப்பி இடங்களைப் பிடித்துக்கொள்ளும் ஸ்லோலோரிஸ் வகைத் தாக்குதலைச் சந்தேகிக்க வேண்டும். ஸ்லோலோரிஸ் என்ற அந்தத் தாக்குதல் கருவி 2009இல் வெளிவந்தது. மாட்-ரெக்-டைம்அவுட் என்ற மாட்யூல் அதற்குத் தடை போடும். 'எல்' பெருகினால் லாக் எழுதும் வட்டைப் பார்க்க வேண்டும். 'டி' (D) தெரிந்தால், வருபவரின் ஐபி முகவரிக்குப் பெயர் தேடும் வேலையை யாரோ தேவையில்லாமல் இயக்கிவிட்டார்கள் என்று பெரும்பாலும் கொள்ளலாம்.

குறைகளைச் சொல்லாமல் விட முடியாது. பக்கத்தின் மேற்பகுதியில் பளிச்சென்று தெரியும் 'விநாடிக்கு இத்தனை கோரிக்கைகள்' என்ற எண், இப்போதைய வேகம் அன்று. சர்வர் கடைசியாகத் தொடங்கிய நாளிலிருந்து கணக்கிட்ட சராசரி. மூன்று மாதம் ஓடிய சர்வரில் இந்த நிமிடம் வெள்ளமே வந்தாலும் அந்த எண் அசையாது. உண்மையான வேகம் வேண்டுமானால் மொத்த எண்ணிக்கையை இரண்டு முறை எடுத்து நாமே கழித்துப் பார்க்க வேண்டும். கீழே உள்ள பட்டியலிலும் ஒரு பொறி உண்டு: அடிக்கோடு நிலையில் இருக்கும் வரிகளில் தெரியும் ஐபி முகவரியும் கோரிக்கையும் முன்பே முடிந்துபோன வேலையின் எச்சம். அதை நடப்பு இணைப்பு என்று எண்ணி, ஒரு தவறும் செய்யாத முகவரியைத் தடுத்துவைத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். கோரிக்கை வரியும் 63 எழுத்துகளோடு வெட்டப்பட்டுவிடும். வால் பகுதி வேண்டுமானால் அதற்கெனத் தனி அமைப்பு இருக்கிறது. எல்லாவற்றையும்விட எரிச்சலூட்டுவது, இந்தப் பக்கத்தைத் தருவதற்கும் ஒரு வொர்க்கர் தேவை என்பதுதான். இடங்கள் முழுவதும் நிறைந்துவிட்டால், ஏன் நிறைந்தது என்று கேட்க வந்த நாமும் வாசலில்தான் நிற்க வேண்டும்.

மாட்-இன்ஃபோவின் வேலை வேறு. கோப்புகளை மறுபடி படிக்காமல், சர்வர் தன் நினைவில் ஏற்றிக்கொண்ட அமைப்புகளையே அது காட்டுகிறது. பெரும்பாலான கட்டளைகளுக்கு அவை எந்தக் கோப்பில், எந்த வரியில் இருந்து வந்தவை என்பதும் சேர்ந்தே தெரியும். மற்றொரு வலை சர்வரான என்ஜினெக்ஸில் 'டி' (T) என்ற பெரிய எழுத்து விருப்பத்துடன் கட்டளை கொடுத்தால் அமைப்புகள் அச்சாகும். ஆனால் அவை அந்த நேரத்தில் வட்டில் உள்ள கோப்புகளின் நிலை. கோப்பைத் திருத்திவிட்டு ரீலோட் செய்ய மறந்த ஒருவருக்கு இந்த வேறுபாட்டின் அருமை புரியும். இணைப்பு விவரத்திலும் என்ஜினெக்ஸின் இலவசப் பதிப்பு கஞ்சம்தான்: அதன் ஸ்டப்-ஸ்டேட்டஸ் நான்கு வரி எண்களோடு முடிந்துவிடும், எந்த இணைப்பு யாருடையது என்று சொல்லாது.

எனினும் அணுகல் அமைப்புகளைப் பொறுத்தவரை மாட்-இன்ஃபோ பாதிக் கிணறுதான் தாண்டுகிறது. அடைவுக்கு அடைவு தனி அமைப்புகளை எழுதிவைக்கும் எச்டிஆக்சஸ் கோப்புகளில் உள்ளவை அதில் வராது. பகிர்வு ஹோஸ்டிங்கில் அனுமதியும் தடையும் பெரும்பாலும் அங்கேதான் எழுதப்பட்டிருக்கும். 'குறிப்பிட்ட இந்த முகவரியிலிருந்து வருபவர் இந்தப் பக்கத்துக்குள் விடப்படுவாரா' என்ற கேள்வியை அதனிடம் கேட்கவும் முடியாது. அதற்கு, அனுமதிகளைச் சரிபார்க்கும் ஆத்ஸ்-கோர் மாட்யூலின் லாக் அளவை டீபக் என்னும் விரிவான நிலைக்கு உயர்த்தி ஒரு கோரிக்கையை அனுப்பிப் பார்த்தால், அனுமதி நிபந்தனையைச் சொல்லும் ஒவ்வொரு 'ரிக்கொயர்' வரியும் அனுமதித்ததா மறுத்ததா என்று எர்ரர் லாகில் எழுதப்படும். 2012இல் வந்த அப்பாச்சி 2.4 பதிப்பின் புதிய முறையும், அதற்கு முந்தைய 'ஆர்டர்', 'அலவ்', 'டினை' வரிகளும் ஒரே தளத்தில் கலந்து கிடக்கும்போது, இந்த லாக்தான் என்னைக் காப்பாற்றியிருக்கிறது.

பாதுகாப்பு பற்றி ஒரு சொந்த அனுபவத்தைச் சொல்ல வேண்டும். ஸ்டேட்டஸ் பக்கத்துக்கு இயல்பாக இடப்படும் காவல் 'ரிக்கொயர் லோக்கல்', அதாவது அதே கணினியிலிருந்து வருபவருக்கு மட்டும் அனுமதி. ஒருமுறை அதே கணினியில் அப்பாச்சிக்கு முன்னால் என்ஜினெக்ஸை, கோரிக்கைகளை வாங்கிக் கைமாற்றும் ப்ராக்ஸியாக வைத்தேன். அன்று முதல் உலகத்தில் யார் வந்தாலும் அப்பாச்சியின் கண்ணுக்கு 127.0.0.1, அதாவது அதே கணினியின் முகவரி, என்றே தெரிந்தார்கள். காவல் இருந்தும் கதவு திறந்தே கிடந்தது. இரண்டு நாள் கழித்து என் கைப்பேசியிலிருந்து தற்செயலாக அந்த முகவரியைத் திறந்தபோது, ஒரு பயனரின் கடவுச்சொல் மாற்றும் இணைப்பு, அதன் ரகசியக் குறியீடான டோக்கனோடு முழுதாகத் திரையில் தெரிந்தது. தவறு முழுவதும் என்னுடையது. இருப்பிடத்தை மறைக்கும் டோர் வலையமைப்பின் மறைவுத் தளங்கள் சிலவும் இதே காரணத்தால் தம் ஸ்டேட்டஸ் பக்கத்தை வெளியே காட்டிக்கொண்டிருந்தன. மாட்-இன்ஃபோ இப்படி வெளியானால் நிலைமை இன்னும் மோசம்: கோப்புப் பாதைகள், தரவுத்தளப் பெயர்கள், அமைப்புக் கோப்பில் எழுதப்பட்ட கடவுச்சொற்கள் வரை அதில் இருக்கக்கூடும் என்று அதன் கையேடே எச்சரிக்கிறது. அதோடு அந்த மாட்யூல் ஏற்றப்பட்டிருக்கும்வரை, எச்டிஆக்சஸ் எழுத உரிமை உள்ள எவரும் தம் அடைவிலிருந்தே அந்தப் பக்கத்தை வரவழைக்க முடியும்.

இப்போது நான் பொதுவான அமைப்பிலிருந்து அந்த முகவரியை நீக்கிவிட்டு, 127.0.0.1இல் மட்டும் கேட்கும் வேறொரு போர்ட்டில் தனி விர்ச்சுவல் ஹோஸ்ட் (அதே சர்வருக்குள் தனித் தளம் போன்ற அமைப்பு) வைத்து அதற்குள் ஸ்டேட்டஸ் பக்கத்தை அடக்கியிருக்கிறேன். ப்ராக்ஸிக்கு அந்தப் போர்ட்டின் பக்கம் போகும் வழியே கிடையாது. குறித்த நேரத்தில் தானே இயங்கும் கிரான் வேலை ஒன்று நிமிடத்துக்கு ஒருமுறை அதன் 'ஆட்டோ' வடிவத்தை நேரத்தோடு கோப்பில் சேர்த்துவருகிறது. இடங்கள் முழுவதும் நிறைந்து பக்கம் திறக்காமல் போகும் நாளில், அதற்கு முந்தைய நிமிடத்தின் ஸ்கோர்போர்டு அந்தக் கோப்பில் இருக்கும்.