யூனிலேட்டரல்: ஒருதலைப்பட்சமா, ஒருதரப்பா?

ஆங்கிலத்தில் ‘யூனிலேட்டரல்’ (unilateral) என்று வந்தாலே செய்தி எழுதுபவர்களின் கை தானாக ‘ஒருதலைப்பட்சமான’ என்று அடித்துவிடுகிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. ‘நடுவர் ஒருதலைப்பட்சமாக நடந்துகொண்டார்’ என்றால் ஓரவஞ்சனை செய்தார் என்றுதானே புரிந்துகொள்கிறோம்? ஆங்கிலச் சொல்லில் அந்தக் குற்றச்சாட்டு இல்லை. அடுத்தவர் ஒப்புதலுக்குக் காத்திராமல் ஒரு தரப்பு மட்டும் செய்வது, அவ்வளவுதான்.

1965 நவம்பர் 11 அன்று ரொடீசியாவில் (இன்றைய ஜிம்பாப்வே) இயன் ஸ்மித்தின் அரசு, பிரிட்டனின் சம்மதமின்றி விடுதலையை அறிவித்தது. சிறுபான்மை வெள்ளையர் ஆட்சி என்பதால் அங்கே ‘ஒருதலைப்பட்சம்’ பொருந்திப்போகிறது. ஆனால் 2001 டிசம்பரில் விடுதலைப் புலிகள் தாங்களாகவே அறிவித்த போர்நிறுத்தத்தில் பாரபட்சம் எங்கே? ‘ஒருதரப்புப் போர்நிறுத்தம்’ என்பதே சரி.

மருத்துவ அறிக்கையில் வந்தால் இரண்டுமே வேண்டாம். ‘ஒரு பக்க’ போதும்.