மூன்று அடுக்கு மாஸ்க்: இரண்டு பெட்டிகளைப் பிரித்துப் பார்த்ததில்

மெடிக்கல் கடையில் 50 மாஸ்க் கொண்ட பெட்டிகள் இரண்டு வாங்கினேன். இரண்டிலும் ‘மூன்று அடுக்கு’ என்றுதான் அச்சடித்திருந்தது. விலை மட்டும் ஒன்றுக்கு ஒன்று இரட்டிப்பு. பள்ளி ஆய்வகத்தில் காலம் தள்ளிய கை சும்மா இருக்குமா? பேத்தியைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டேன்.

முதலில் மெழுகுவத்தி. மாஸ்க்கைப் போட்டு, ஒரு முழம் தள்ளி நின்று, வாயை அகலத் திறந்து ஊதினோம். இரண்டிலுமே சுடர் அணையவில்லை. பேத்திக்குக் குஷி. ஆனால் கனத்த துண்டைக் கட்டிக்கொண்டு ஊதினாலும் இதேதான் நடக்கும். மூச்சின் வேகம் குறைவது தெரியுமே தவிர, நுண்துகள் நிற்கிறதா என்பது இதில் தெரியாது.

அடுத்து சொட்டு நீலம் கலந்த தண்ணீர், ஸ்ப்ரே பாட்டிலில். பின்னால் வெள்ளைத் தாள். விலை கூடியதில் தண்ணீர் முத்து முத்தாக உருண்டு வழிந்தது. மலிவானதில் தாளெல்லாம் நீலப் பொட்டு.

சரி, உள்ளே என்னதான் இருக்கிறது என்று கத்தரியை எடுத்தேன். மலிவானதில் இரண்டே தாள்! மற்றதில் நடுவே இன்னொரு வெள்ளைத் தாள், ரொம்ப நெருக்கமான இழை. அதைத் தனியே உரித்து, பொடிப்பொடியாகக் கிழித்த காகிதத்தின் மேல் காட்டினால் துணுக்குகள் தாவி ஒட்டிக்கொண்டன. உரிக்கும்போது உரசினாலே எந்த பிளாஸ்டிக்கும் கொஞ்ச நேரம் இப்படி இழுக்கும். அதனால் மறுநாளும் பார்த்தேன், ஒட்டியது. பாலிப்ரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக் இழையில் தயாரிப்பிலேயே ஏற்றிவிடும் மின்னூட்டம் அது. மாஸ்க் வெறும் சல்லடை இல்லை. இழைகளின் இடைவெளியைவிடச் சிறிய துகளும் இப்படித்தான் பிடிபடுகிறது. என்95 மாஸ்க் 0.3 மைக்ரான் (ஒரு மைக்ரான், மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) துகளில் 95 சதவீதத்தையாவது நிறுத்துவதற்கும் இந்த மின்னூட்டம்தான் பெரிய துணை. சானிடைசர் தெளித்தாலோ சோப்புப் போட்டுத் துவைத்தாலோ அது போய்விடும். செய்யாதீர்கள்.

மூக்குக் கம்பி இரண்டிலும் சுமார்தான். அழுத்தி வளைக்காவிட்டால் கண்ணாடியில் ஆவி படிகிறது, அதாவது மூச்சு மேல்வழியாகக் கசிகிறது.

மலிவுப் பெட்டியைத் திருப்பிக் கொடுக்கப் போனால், “பிரிச்சுட்டீங்களே சார்” என்றார் கடைக்காரர். பிரிக்காமல் எப்படித் தெரியும்? ஒட்டடை அடிக்க வைத்திருக்கிறேன். விலை கூடியதற்கு ஐந்துக்கு நான்கு. காதுப் பட்டை அங்கங்கே ஒட்டாமல் கையோடு வருகிறது, அதற்காக ஒன்று குறைத்தேன்.