சொத்தை நிர்வகிக்கக் கட்டண டிரஸ்டியை அமர்த்தும் முன்: கடலூரில் எங்கள் குடும்பம் பட்ட பாடு

பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கும் பெற்றோரும், தமக்குப் பின் தனித்து வாழ இயலாத பிள்ளையை வைத்திருக்கும் பெற்றோரும், "உங்கள் காலத்திற்குப் பிறகு எல்லாவற்றையும் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று சொல்லி வருகிற சொத்து நிர்வாக ஆலோசகரிடம் டிரஸ்ட் பத்திரம் (ஒருவரின் நலனுக்காகச் சொத்தை டிரஸ்டி என்ற நிர்வாகியிடம் ஒப்படைக்கும் பத்திரம்) எழுதிக் கொடுப்பதற்கு முன் இதைப் படிக்க வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன். வழக்கு நடந்துகொண்டிருப்பதால் எங்களிடம் வந்த ஆலோசகரின் பெயரையும் அலுவலகத்தையும் குறிப்பிடவில்லை.

என் பெரியப்பாவுக்கு ஒரே மகன். பிறவியிலேயே அறிவுசார் குறைபாடு உள்ளவர். வயது நாற்பதைத் தாண்டியும் வேளைக்கு மருந்து எடுத்துக் கொடுக்க ஒருவர் உடனிருக்க வேண்டும். அவருடைய எதிர்காலத்திற்காகப் பெரியப்பா, திருப்பாதிரிப்புலியூரில் வாடகைக்கு விட்டிருந்த ஒரு வீட்டையும், பண்ருட்டிக்கு அருகிலுள்ள முந்திரித் தோப்பையும், வங்கி வைப்புத்தொகைகளையும் ஒரு தனியார் டிரஸ்டில் வைத்துப் பதிவு செய்தார். பத்திரத்தைத் தயாரித்த அந்த ஆலோசகரே, பெரியப்பாவின் மறைவுக்குப் பின் ஒரே டிரஸ்டியாகப் பொறுப்பேற்பார் என்பது ஏற்பாடு. உறவினர்கள் ஒருவரை ஒருவர் சந்தேகிக்கும் நிலை வரக்கூடாது என்று கருதித்தான் பெரியப்பா வெளியாள் ஒருவரைத் தேர்ந்தெடுத்தார். அந்த எண்ணத்தில் எந்தப் பிழையும் இல்லை.

முதலில் கண்ணில் பட்டது கட்டணம். 1882ஆம் ஆண்டின் இந்திய டிரஸ்டுகள் சட்டத்தின் 50ஆம் பிரிவுப்படி, பத்திரத்திலோ ஒப்பந்தத்திலோ சொல்லப்படாத ஊதியத்தை ஒரு டிரஸ்டி கேட்க முடியாது. ஆகவே டிரஸ்டி எவ்வளவு எடுத்துக்கொள்ளலாம் என்பதைப் பத்திரத்தின் அந்த ஒரு வரிதான் தீர்மானிக்கிறது. எங்கள் பத்திரத்தில் அந்த வரி, ஆண்டுக் கட்டணத்தை வருமானத்தின் மேல் அல்லாமல், சொத்துகளின் அரசு வழிகாட்டி மதிப்பின் மேல் இத்தனை சதவீதம் என்று வைத்திருந்தது. வீட்டு வாடகை அப்படியே இருக்க, வழிகாட்டி மதிப்பு உயரும்போதெல்லாம் கட்டணமும் உயர்ந்தது. ஒரு கட்டத்தில் வாடகையில் பெரும்பகுதி டிரஸ்டிக்கே போய், அண்ணனின் மருந்துச் செலவுக்குப் பெரியம்மா தம் ஓய்வூதியத்தை எடுக்க வேண்டியதாயிற்று. "பத்திரத்தில் உள்ளபடிதானே எடுக்கிறேன் அம்மா" என்பதே அவருடைய பதில்.

தோப்பு விஷயம் இதைவிடக் கொடுமை. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரையைக் கடந்தபோது இந்த மாவட்டத்து முந்திரி மரங்கள் எவ்வளவு வீழ்ந்தன என்பது இங்கு எல்லோருக்கும் தெரியும். பெரியப்பா கடன் வாங்கி ஒட்டுக்கன்று நட்டு, மறுபடியும் அந்தத் தோப்பைக் காய்ப்புக்குக் கொண்டுவந்திருந்தார். அதை அந்த டிரஸ்டி தம் மைத்துனருக்குக் குத்தகைக்கு விட்டார். பக்கத்துத் தோப்புக்காரர் வாங்கும் குத்தகையில் பாதிகூட இல்லை. நியாயமாகக் கிடைக்கக்கூடிய மிகச் சிறந்த ஆண்டுக் குத்தகைக்கே டிரஸ்டி விட வேண்டும் என்று 36ஆம் பிரிவு சொல்கிறது. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்ய வேண்டும் என்பதால், பதினொரு மாதத்திற்கு ஒரு முறை முத்திரைத்தாளில் புதுப்பித்துக்கொண்டே வந்திருக்கிறார். அதனால் வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்தபோது அதில் ஒன்றும் தெரியவில்லை.

மிகுந்த வற்புறுத்தலுக்குப் பின் அவர் காட்டிய ரசீதுக் கட்டில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். "கொட்டை பொறுக்கு கூலி" என்று எழுதி, கூலியாட்கள் ஒவ்வொருவரும் கையெழுத்திட்டதாக ஒரு தாள் இருந்தது. அத்தனை கையெழுத்தும் ஒரே நீலப் பேனாவில், ஒரே சாய்வில் இருந்தன. தேதி ஐப்பசி மாதத்துத் தேதி. முந்திரி தை, மாசியில் பூத்து, பங்குனியிலிருந்து வைகாசி வரை கொட்டை விழும். ஐப்பசி மழையில் யார் எதைப் பொறுக்கினார்கள்? குத்தகைக்கு விட்ட தோப்பில் அந்தக் கூலியைக் குத்தகைதாரர் அல்லவா கொடுக்க வேண்டும்?

வைப்புத்தொகைகளை முதிர்வுக்கு முன்பே உடைத்து, நீண்ட காலக் காப்பீட்டுத் திட்டங்களில் போட்டிருந்தார். பத்திரம் வெளிப்படையாக அனுமதிக்கும் முதலீடு அல்லது மத்திய அரசு அறிவித்த முதலீடு தவிர மற்றவற்றில் டிரஸ்ட் பணத்தைப் போட 20ஆம் பிரிவு இடம் தரவில்லை. எங்கள் பத்திரத்திலோ வங்கி வைப்புத்தொகை மட்டுமே குறிப்பிடப்பட்டிருந்தது. அந்தக் காப்பீட்டு ஆவணங்களில் முகவராக இருந்தவர் அவருடைய மனைவி.

கணக்குக் கேட்டபோதெல்லாம் "ஆடிட்டரிடம் இருக்கிறது" என்றார்கள். இந்தப் பதில் வந்தால் அமைதியாகிவிடாதீர்கள். தெளிவான, சரியான கணக்கு வைத்துப் பயனாளி கேட்கும்போது காட்ட வேண்டியது 19ஆம் பிரிவின்படி டிரஸ்டியின் கடமை. பத்திரம், கணக்கு, ரசீதுகள் ஆகியவற்றைப் பார்வையிட்டு நகல் எடுப்பது 57ஆம் பிரிவின்படி பயனாளியின் உரிமை. இந்த இரண்டு பிரிவுகளையும் குறிப்பிட்டு, ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்பிய பிறகுதான் அந்த ரசீதுக் கட்டே வெளியே வந்தது. தொலைபேசியில் பேசிய எதற்கும் இன்று எங்களிடம் சான்று இல்லை. நீதிமன்றத்தில் பயன்படுவது அந்த அட்டைதான்.

இடையில், பெரியம்மா தம் பெயரில் இருக்கும் குடியிருப்பு வீட்டுக்கும் ஒரு பொது அதிகாரப் பத்திரம் (பவர் ஆஃப் அட்டர்னி) எழுதித்தர வேண்டும் என்று அந்த டிரஸ்டி ஆவணத்தோடு வந்தார். "கையெழுத்து வேண்டாம் பெரியம்மா" என்று நாங்கள் உறுதியாக நின்றதால் அந்த வீடாவது தப்பியது.

அவரை நீக்குவதுதான் இப்போது பெரும் போராட்டம். பத்திரத்தில் டிரஸ்டியை நீக்கும் விதியே இல்லை; மாற்று டிரஸ்டியின் பெயரும் இல்லை. எனவே மஞ்சக்குப்பத்திலுள்ள மாவட்ட நீதிமன்றத்தில், அவரை நீக்கிப் புதிய டிரஸ்டியை நியமிக்கவும், 23ஆம் பிரிவின்படி இழப்பை அவரிடமிருந்தே ஈடுகட்டவும் மனுச் செய்திருக்கிறோம். பொய் ரசீதுகள் குறித்து, நம்பிக்கை மோசடிக்கான பாரதிய நியாய சன்ஹிதாவின் 316ஆம் பிரிவின்கீழ் காவல்துறையிலும் புகார் கொடுத்திருக்கிறோம். தீர்ப்பு வரும்வரை வாடகையை வாங்குபவர் அவரே என்பதுதான் எங்களுக்கு ஆறவில்லை.

தனியார் டிரஸ்டியாக இருக்க நம் நாட்டில் எந்த உரிமமும் தேவையில்லை. பலகை மாட்டிக்கொண்ட எவரும் அந்தத் தொழிலைச் செய்யலாம். அதனால் காவல் முழுவதும் பத்திரத்திற்குள்ளேயே இருந்தாக வேண்டும். நிர்வகிக்கப்போகிறவரே பத்திரத்தை எழுதக்கூடாது. அவரோடு தொடர்பில்லாத வழக்கறிஞர் எழுதட்டும். கட்டணம் உண்மையில் வசூலான வருமானத்தின் மேல், உச்சவரம்போடு இருக்கட்டும். வங்கிக் கணக்கில் குடும்பத்தவர் ஒருவரின் இணைக் கையெழுத்தும், ஆண்டுதோறும் குறித்த தேதிக்குள் ரசீதுகளோடு கணக்குத் தரவேண்டும் என்ற விதியும், தராவிட்டால் நீக்கும் அதிகாரம் யாருக்கு என்பதும், அடுத்த டிரஸ்டி யார் என்பதும் எழுதப்பட வேண்டும். டிரஸ்டியின் உறவினருக்குக் குத்தகை, விற்பனை, கமிஷன் எதுவும் கூடாது என்று தனி வரியே போடுங்கள். வெளியாள் யாரையும் நம்ப மனமில்லாதவர்களுக்கு, 1913ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அரசு நியமிக்கும் அதிகாரப்பூர்வ டிரஸ்டி சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் இருக்கிறார். அவருடைய சம்மதத்தை முன்கூட்டியே பெற்று அவரை நியமிக்கவும் வழி உண்டு.

இப்போது ஒருவரோடு பேச்சில் இருப்பவர்கள், வேறொரு குடும்பத்திற்கு அவர் சென்ற ஆண்டு கொடுத்த கணக்கின் நகலை, பெயர்களை மறைத்தாவது காட்டச் சொல்லுங்கள். ரகசியம் என்று எங்கள் டிரஸ்டி எங்களிடம் மறுத்த காகிதம் அதுவே.