சர்பத் பாகில் எவ்வளவு சீனி? தராசு முதல் டிஜிட்டல் ரிஃப்ராக்டோமீட்டர் வரை

நன்னாரி சர்பத்தை வீட்டில் காய்ச்சிப் பாட்டிலில் அடைப்பவர்களின் பாடு இரண்டு மூன்று புள்ளிக்குள் அடங்கிவிடும். நூறு கிராம் பாகில் சீனி 65 கிராமுக்குக் கீழே இறங்க இறங்க, பூஞ்சைக்கும் நொதித்தலுக்கும் வழி திறக்கும். 67, 68-ஐத் தாண்டினால், ஆறிய பாகில் சீனி திரும்பவும் கல்லாகி அடியில் படியும். 20 டிகிரி செல்சியஸில் தண்ணீர் தன்னுள் கரைத்து வைத்துக்கொள்ளும் சீனி ஏறத்தாழ 67 சதவீதம்தான். 30 டிகிரியில் 68-ஐ ஒட்டி. இறக்கும்போது நாலு சொட்டு எலுமிச்சை விடும் வழக்கம் சும்மா வந்ததில்லை. அந்த அமிலம் சீனியில் கொஞ்சத்தைக் குளுக்கோஸாகவும் ஃபிரக்டோஸாகவும் உடைத்துக் கல்லாவதைத் தள்ளிப்போடுகிறது. கடையில் விற்கும் சர்பத்துக்கு இந்திய உணவுப் பாதுகாப்பு விதிகள் வைத்திருக்கும் குறைந்தபட்சக் கரைபொருள் அளவும் 65 சதவீதம்தான்.

இந்தச் சதவீதத்தைத்தான் கருவிகள் 'பிரிக்ஸ்' என்று காட்டுகின்றன. நூறு கிராம் கரைசலில் ஒரு கிராம் சீனி என்றால் ஒரு டிகிரி பிரிக்ஸ். இதை அளக்க டிஜிட்டல் ரிஃப்ராக்டோமீட்டர் (ஒளி வளைவதை வைத்துச் சீனியை அளக்கும் கருவி) வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு என் முதல் பதில்: அடுப்படியில் டிஜிட்டல் தராசு இருக்கிறதா?

கிண்டலில்லை. பாகில் போகும் சீனி முழுவதும் உங்கள் கையால் போட்டதாக இருந்தால், அதை அளக்க ஒளியும் வேண்டாம், மிதவையும் வேண்டாம். வெறும் பாத்திரத்தின் எடையை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். 1,300 கிராம் சீனி போட்டீர்கள் என்றால், பாத்திரத்தின் எடை போக உள்ளே 2,000 கிராம் நிற்கும்வரை காய்ச்சினால் போதும், அது 65. தராசு ஐந்து கிராம் பிசகினாலும் பிரிக்ஸில் கால் புள்ளிகூட மாறாது. கொதிக்கும் பாத்திரத்தை நேராகத் தராசில் வைக்காமல் ஒரு மரப்பலகையை இடையில் வைத்து, அதன் எடையையும் கழித்துவிடுங்கள். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் பொருள், இந்த ஒரு வேலையில் பல ஆயிரம் ரூபாய்க் கருவிக்குச் சமமாக நிற்கிறது.

தெர்மாமீட்டருக்கு அந்தப் பெருமை இல்லை. சீனி ஏற ஏறக் கொதிநிலை ஏறும் என்பது உண்மைதான். ஆனால் 65 பிரிக்ஸில் பாகு கொதிப்பது 104 டிகிரியை ஒட்டி. அந்த இடத்தில் ஒரு பிரிக்ஸ் கூடினால் கொதிநிலை கால் டிகிரி அளவுக்குத்தான் நகரும். சமையலறைத் தெர்மாமீட்டர் ஒரு டிகிரி தப்பாகக் காட்டினால் பாகு மூன்று நான்கு புள்ளி தள்ளிப் போய்விடும். நமக்கு இருக்கும் இடமே அவ்வளவுதான். போதாக்குறைக்கு ஊட்டி, கொடைக்கானல் மாதிரி மலை ஊர்களில் தண்ணீரே 93 டிகிரி வாக்கில் கொதித்துவிடும். எனவே முதலில் வெறும் தண்ணீரின் கொதிநிலையைப் பார்த்து, அதற்கு மேல் எத்தனை டிகிரி என்று கணக்கு வைக்க வேண்டும்.

பாகு இறுக இறுகக் கதை தலைகீழாகிறது. 80 பிரிக்ஸுக்கு மேல் ஒவ்வொரு புள்ளிக்கும் கொதிநிலை வேகமாக ஏறுவதால் தெர்மாமீட்டர் அங்கே நம்பத்தக்கது. அதைவிட நம்பத்தக்கது விரல். அதிரசத்துக்கு வெல்லப்பாகைத் தண்ணீரில் விட்டு உருட்டிப் பார்க்கும் பதம் 112 முதல் 116 டிகிரி வரையிலான பாகு. பல டிஜிட்டல் ரிஃப்ராக்டோமீட்டர்களின் எல்லையே 85 பிரிக்ஸ். அந்தக் கெட்டிப்பாகைக் கண்ணாடியில் விட்டால் அளப்பதற்குள் உறைந்துவிடும். கம்பிப் பதம், உருட்டுப் பதம் தெரிந்த கை இருக்கும் வீட்டில் பலகாரத்துக்காக இந்தக் கருவி வாங்குவது வீண் செலவு.

அப்படியென்றால் ரிஃப்ராக்டோமீட்டர் எங்கே வேண்டும்? சீனி எவ்வளவு என்று நமக்கே தெரியாத திரவங்களில். மாம்பழக்கூழ் ரகத்துக்கும் பழுத்த பக்குவத்துக்கும் ஏற்ப 14-லும் இருக்கும், 20-லும் இருக்கும். கரும்புச்சாறு, திராட்சைச்சாறு, பதநீர், தேன் எல்லாம் இந்தக் கணக்கில் வரும். அவற்றோடு சீனி சேர்த்து ஸ்குவாஷ் செய்யும்போது தராசுக்குப் பாதிக் கணக்குதான் தெரியும். கருவி 58 காட்டுகிறது, 65 வேண்டும் என்றால் கிலோவுக்கு 200 கிராம் சீனி சேர்க்க வேண்டும். 7-ஐ 35-ஆல் வகுத்த கணக்கு: தேவைப்படும் ஏற்றத்தை, நூறிலிருந்து இலக்கைக் கழித்த எண்ணால் வகுத்து, இருக்கும் எடையால் பெருக்குவது. இதைச் சுவரில் எழுதி ஒட்டிவைக்கலாம்.

சரி, கண்ணில் வைத்துப் பார்க்கும் கைக்கருவியா, டிஜிட்டலா? அடிப்படை இரண்டிலும் ஒன்றுதான். சீனி கூடக் கூட ஒளி அதிகம் வளையும். கைக்கருவியில் பாகைக் கண்ணாடியில் தடவி, மூடியை மூடி, வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, நீலமும் வெள்ளையும் பிரியும் கோட்டை நாம் படிக்கிறோம். டிஜிட்டலில் சிறு குழியில் சில சொட்டு விட்டுப் பொத்தானை அழுத்தினால், மஞ்சள் ஒளி முப்பட்டகக் கண்ணாடியின் மேற்பரப்பில் பட்டுத் திரும்புவதை உள்ளே இருக்கும் சென்சார் படித்து எண்ணாகத் தருகிறது. ஒளி பாகின் ஊடே போய் வர வேண்டியதில்லை என்பதால் கலங்கலும் கருமையும் டிஜிட்டலை அவ்வளவாகத் தடுப்பதில்லை. கருப்பட்டிப் பாகைக் கைக்கருவியில் பார்த்தவர்களுக்குத் தெரியும், கோடு மங்கிப் பட்டையாகத் தெரியும். எங்கே படிப்பது என்று ஆளுக்கொரு எண் சொல்வார்கள். டிஜிட்டலின் உண்மையான பலம் இதுதான் என்பேன். எண்ணுக்குப் பின்னால் புள்ளி வைத்துக் காட்டுவது அதற்கு அடுத்தபடிதான். பெயர்பெற்ற கருவிகள்கூடப் பொதுவாக ±0.2 என்றுதான் உறுதி தருகின்றன. நல்ல கைக்கருவியும் தெளிவான சாற்றில் அதைத் தொட்டுவிடும்.

இரண்டாவது பலம் வெயில் சம்பந்தப்பட்டது. திரவம் பத்து டிகிரி கூடுதலாகச் சூடேறியிருந்தால் அளவு ஏறக்குறைய 0.8 பிரிக்ஸ் குறைத்துக் காட்டும். இதைத் தானாகச் சரிசெய்யும் வசதி இருவகைக் கருவியிலும் உண்டு. ஆனால் சாதாரணக் கைக்கருவியில் அது 10 முதல் 30 டிகிரிக்குள் மட்டும். டிஜிட்டல் பலவற்றில் 40 வரை. சித்திரை, வைகாசியில் மதுரையிலோ வேலூரிலோ அடுப்படி 30-க்குள் இருக்குமா? சர்பத் போடுவதும் அந்த மாதங்களில்தானே. எந்தக் கருவியானாலும் கொதிக்கும் பாகை அப்படியே விடக்கூடாது. ஆவி போகாமல் மூடிய சின்னக் கிண்ணத்தில் ஆறவைத்து, கண்ணாடியில் விட்ட பிறகும் அரை நிமிடம் பொறுக்க வேண்டும். டிஜிட்டலை வெயிலில் வைத்துப் பார்க்காதீர்கள். வெளியொளி உள்ளே புகுந்து எண்ணைக் கெடுக்கும். கையால் நிழல் கொடுத்தால் போதும்.

விலையில் கைக்கருவி ஆயிரம், இரண்டாயிரம் ரூபாய்க்குள் முடிந்துவிடும். பெயர்பெற்ற டிஜிட்டல் பல மடங்கு. ஆனால் கைக்கருவியில் ஒரு சிக்கல்: மலிவாகக் கிடைப்பது 0 முதல் 32 வரை. அது பதநீருக்கும் சாற்றுக்கும் சரி, பாகுக்கு உதவாது. பாகுக்கும் தேனுக்கும் 58 முதல் 90 வரை காட்டும் தேன் ரிஃப்ராக்டோமீட்டர் தனியே வேண்டும். அதன் அளவே 58-இல் தொடங்குவதால் தண்ணீர் விட்டுச் சுழியம் சரிபார்க்கவும் முடியாது. கூட வரும் எண்ணெயையோ கண்ணாடித் துண்டையோ பத்திரமாக வைத்திருக்க வேண்டும். 0 முதல் 85 வரை போகும் டிஜிட்டல் ஒன்று இந்த இரண்டு வேலையையும் செய்துவிடும். டிஜிட்டலில் சுழியம் வைக்கும்போது ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரைத் தவிருங்கள். உப்புத் தண்ணீர் ஊர்களில் அதுவே 0.1, 0.2 பிரிக்ஸ் தள்ளிவிடும். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் போதும்.

உப்பு என்றதும் சொல்ல வேண்டியது: ரிஃப்ராக்டோமீட்டருக்குச் சீனி எது, உப்பு எது, அமிலம் எது என்று தெரியாது. கரைந்திருப்பது எல்லாம் அதற்கு ஒன்றுதான். வெறும் எலுமிச்சைச்சாறு 8 பிரிக்ஸ் அளவில் காட்டும்; அதில் பெரும்பகுதி சிட்ரிக் அமிலம். கால்பங்கு சாறு சேர்த்த ஸ்குவாஷில் இதனால் வரும் பிசகு ஒன்றரைப் புள்ளிக்குள்தான், விட்டுவிடலாம். உப்பு போட்ட எலுமிச்சை சோடாவையும் நீர்மோரையும் அளப்பதில் பொருளில்லை. ரோஸ்மில்க் கணக்கிலேயே வராது. சர்க்கரை நோயாளி உள்ள வீடுகளில் சிலர் குளுக்கோமீட்டர் பட்டையைச் சர்பத்தில் தொட்டுப் பார்க்கிறார்கள். அது குளுக்கோஸை மட்டும் அறியும். சீனி கரைத்த தண்ணீரைச் சீனியே இல்லாத தண்ணீராகக் காட்டிவிடும். அதைவிட எளிய கணக்கு இருக்கிறது. 65 பாகு ஒரு பங்கு, தண்ணீர் ஐந்து பங்கு என்று எடையில் கலந்தால் கிட்டத்தட்ட 11 பிரிக்ஸ். 200 மில்லி டம்ளரில் சுமார் 23 கிராம் சீனி.

கடைசிப் போட்டியாளர் ஹைட்ரோமீட்டர், திரவத்தில் மிதக்கவிட்டு அடர்த்தியை அளக்கும் கருவி, நம் பால்மானியின் உறவு. உயரமான ஜாடியில் கால் லிட்டர் அளவுக்கு ஊற்ற வேண்டும், விழுந்தால் உடையும், கெட்டிப்பாகில் அசைய மறுக்கும். நம் நாட்டுக் கரும்பு ஆலைகளில் புழங்குபவை 27.5 டிகிரிக்கு அளவிடப்பட்டவை, இறக்குமதி வகைகள் 20 டிகிரிக்கு; தண்டில் எழுதியிருப்பதைப் பார்த்துக்கொள்ள வேண்டும். இத்தனை குறைக்கும் மேலே, நொதிக்கும் திரவத்தில் இதற்கு மாற்று இல்லை. இஞ்சி பானமும் கொம்புச்சாவும் (புளிக்கவைத்த தேநீர்) புளிக்கத் தொடங்கியதும் சீனி குறைந்து ஆல்கஹால் சேரும். ஆல்கஹால் ஒளியைத் தண்ணீரைவிட அதிகமாக வளைக்கும், ஆனால் அடர்த்தியைக் குறைக்கும். அதனால் 22 பிரிக்ஸ் திராட்சைச்சாறு சீனியே மிச்சமில்லாமல் ஒயினான பிறகும் ரிஃப்ராக்டோமீட்டர் 8 வாக்கில் காட்டிக்கொண்டிருக்கும். ஹைட்ரோமீட்டர் சுழியத்துக்குச் சற்றுக் கீழே இறங்கியிருக்கும். டிஜிட்டல் எவ்வளவு விலையானாலும் இதில் ஏமாறும்.

இந்த முரண்பாட்டையே பயன்படுத்தலாம். சுண்ணாம்பு தடவிய கலயத்தில் இறக்கிய புதுப் பதநீரில் இரண்டு கருவியும் ஏறத்தாழ ஒரே எண்ணைச் சொல்லும். சுண்ணாம்பு போதாமல் புளித்த பதநீரில் ரிஃப்ராக்டோமீட்டரின் எண் மேலேயும் ஹைட்ரோமீட்டரின் எண் கீழேயும் விலகும். குமிழை மட்டும் கலக்கி வெளியேற்றிவிட்டு மிதக்க விடுங்கள். குமிழ் ஒட்டினால் மிதவை பொய்யாக எழும்பும்.

என் தேர்வைக் கேட்டால்: வீட்டுக்கு மட்டும் சர்பத் போடுபவருக்குத் தராசு. பழச்சாறு, தேன், கருப்பட்டி என்று மாற்றி மாற்றிச் செய்து நாலு பேருக்கு விற்பவருக்கு 0–85 டிஜிட்டல். புளிக்கவைப்பவருக்கு அதோடு ஹைட்ரோமீட்டரும். டிஜிட்டல் வாங்கினால் பெட்டி வந்த அன்றே 60 கிராம் சீனியை 40 கிராம் டிஸ்டில்டு வாட்டரில், மூடிய பாட்டிலை வெந்நீரில் வைத்துக் குலுக்கி, முழுக்கக் கரைத்து ஆறவிட்டு ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். 60-ஐ விட்டு அரைப் புள்ளிக்கு மேல் விலகினால், கடைக்காரர் தந்திருக்கும் கெடு முடியும் முன்பே திருப்பி அனுப்பிவிடுங்கள்.