கோழியைத் தலைகீழாகப் பிடிப்பவரிடம் கொடுத்துவிடாதீர்கள்

கோத்தகிரிப் பக்கம் வீட்டுக்குப் பின்னால் ஐந்து நாட்டுக்கோழிகள் வளர்க்கிறோம். போன மாதம் செவலை செத்துப்போனது. அதைக் கொன்றது நோய் அல்ல, வைத்தியம் என்ற பெயரில் ஒருவர் செய்த காரியம்தான். கடையின் பெயரை எழுதவில்லை. நடந்ததை எழுதுகிறேன், நீங்கள் ஏமாறாமல் இருக்க வேண்டும்.

ஒரு நாள் விடியற்காலையில் கூட்டைத் திறந்தபோது செவலையின் கழுத்துக்குக் கீழே, நெஞ்சின் வலப்பக்கம், பந்து போலப் புடைத்திருந்தது. அதுதான் இரைப்பை; பள்ளிப் பாடத்தில் தீனிப்பை என்று படித்திருப்பீர்கள். கொத்தித் தின்றது முதலில் அங்கேதான் சேரும். மாலையில் வயிறாரத் தின்ற கோழிக்கு அது புடைத்திருந்தால் பயப்பட ஒன்றுமில்லை. இரவோடு இரவாகக் கரைந்து கீழே இறங்கி, காலையில் அந்த இடம் தட்டையாக இருக்க வேண்டும். செவலைக்குத் தட்டையாக இல்லை. தொட்டால் தண்ணீர்ப் பை போலக் குலுங்கியது, வாயிலிருந்து புளித்த மாவின் வாடை வந்தது.

ஊரில் எல்லோரும் சொல்லும் தீவனக் கடைக்குத்தான் கொண்டுபோனேன். கடைக்காரர் சுவரில் கோழிப் படங்கள் ஒட்டியிருந்தார், இருபது வருட அனுபவம் என்றார். "ஒன்றுமில்லை அக்கா, உள்ளே இருப்பதைக் கவிழ்த்துவிட்டால் சரியாகிவிடும்" என்றவர், நான் வாய் திறப்பதற்குள் செவலையின் காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கி, இரைப்பையைக் கையால் பிதுக்கினார். வாயிலிருந்து நீர் கொட்டியது. கோழி கொரகொரவென்று மூச்சு விட்டது. அப்படி விடாமல் பிதுக்கக் கூடாது என்று எனக்கு அப்போது தெரியாது. அந்த நீர் மூச்சுக்குழாயில் இறங்கினால் கோழிக்கு அங்கேயே மூச்சடைத்துவிடும். பிழைத்தாலும் நுரையீரலில் சீழ் கட்டலாம்.

பெயர்ச்சீட்டு இல்லாத ஒரு சிவப்புப் புட்டியும், காகிதத்தில் மடித்த ஒரு பொடியும் தந்தார். பொடி ஆன்டிபயாட்டிக் என்று அவரே சொன்னார். முட்டையைச் சாப்பிடலாமா என்று கேட்டதற்கு "தாராளமாக" என்றார். 850 ரூபாய். ரசீது கேட்டேன், புத்தகம் தீர்ந்துவிட்டது என்றார். பஸ் ஸ்டாண்டை எட்டுவதற்குள் செவலையின் கொண்டை கறுத்துவிட்டது. மடியிலேயே போய்விட்டது. திரும்பிப் போய்க் கேட்டபோது "முற்றிய நோய், நீங்கள்தான் தாமதமாகக் கொண்டுவந்தீர்கள்" என்று என் மேலேயே பழியைப் போட்டுவிட்டு, புதிதாக ஒரு கோழி வாங்கிக்கொள்ளச் சொன்னார்.

மூன்றே வாரத்தில் கரும்புள்ளிக்கும் இரைப்பை புடைத்தது. இதற்கு வாடை இல்லை, பிசைந்த களி போலக் கெட்டியாக இருந்தது. இந்த முறை அரசுக் கால்நடை மருந்தகத்துக்குப் போனேன். மருத்துவர் தொட்டுப் பார்த்து, வாயை முகர்ந்து பார்த்து, இரண்டும் வேறு வேறு என்று விளக்கினார். மென்மையாகக் குலுங்கிப் புளித்த வாடை வந்தால், பெரும்பாலும் காண்டிடா என்னும் பூஞ்சை பெருகியிருக்கும். அதற்கு ஆன்டிபயாட்டிக் கொடுத்தால் நல்ல கிருமிகள் செத்து, பூஞ்சை இன்னும் ஓங்கும். பூஞ்சைக்கான மருந்தே வேறு. கெட்டியாக இருந்தால் அடைப்பு. வெள்ளைக் கழிச்சல் என்னும் தொற்றுநோயிலும் இரைப்பை வேலை செய்யாமல் நீர் தேங்குவது உண்டு. அதனால் எச்சம் பச்சையும் வெள்ளையுமாகப் போனாலோ, கோழி கழுத்தைத் திருகினாலோ, முதலில் அதை மற்றக் கோழிகளிடமிருந்து பிரித்துவிட வேண்டும்.

கரும்புள்ளிக்கு ஒரு நாள் தீனியை நிறுத்தித் தண்ணீர் மட்டும் வைத்து, அவ்வப்போது இரைப்பையை மெல்ல நீவிவிட்டுப் பார்த்தோம். கரையவில்லை. மறுநாள் மரத்துப்போகும் ஊசி போட்டு, இரைப்பையைச் சிறிதாகக் கீறி, உள்ளிருந்ததை எடுத்தார். கயிறு போல முறுக்கிய கிக்குயூ புல், அதோடு பச்சை நிழல்வலையின் ஒரு இழை. நம் நீலகிரியில் எங்கே பார்த்தாலும் அந்தப் புல்தான். மேயும் கோழி துண்டு துண்டாகக் கிள்ளித் தின்னும், அதனால் கெடுதல் இல்லை. நான்தான் அரிவாளால் நீளமாக அறுத்துக் கூட்டுக்குள் கட்டுக் கட்டாகப் போட்டேன். அடைத்து வைத்த மழை நாட்களில் மணலும் வைக்கவில்லை. பல் இல்லாத கோழிக்கு அரைவைப்பையில் பருமணலோ சிறு கல்லோ இருந்தால்தான் நார் அரைபடும்.

இப்போது புல்லை விரல் நீளத்துக்கு நறுக்கிப் போடுகிறேன். ஆற்று மணல் ஒரு தட்டில் எப்போதும் இருக்கிறது. தினமும் தீனி வைக்கும் முன்னால் ஒவ்வொரு கோழியின் நெஞ்சையும் தடவிப் பார்க்கிறேன், அதற்கு இரண்டு நிமிடம் போதும். காலையில் புடைப்பு இருந்தால் அன்றைக்குத் தீனியை நிறுத்துங்கள், மறுநாளும் இறங்கவில்லை என்றால் மருந்தகத்துக்குப் போங்கள். மருந்தகம் தொலைவென்றால் கால்நடைத் துறையின் 1962 என்ற இலவச எண்ணில் கேட்டுப் பாருங்கள். யாராவது "கவிழ்த்துவிடலாம்" என்றால் கோழியை வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

அந்தச் சிவப்புப் புட்டியையும் பொடியையும் நான் எறியவில்லை. புகார் எழுதிக்கொண்டிருக்கிறேன். உங்கள் வீட்டிலும் பெயரில்லாத அதே மாதிரிப் புட்டி இருந்தால், கோழிக்குக் கொடுக்காமலும் எறியாமலும் வைத்திருங்கள்.