புது ராடு போட்டதாகச் சொன்ன என்ஜினைத் திறந்தே பார்க்கவில்லை

நிசான் ஜிடி-ஆர் ஆர்35 வைத்திருப்பவர்களும், அதன் என்ஜினைப் பலப்படுத்த நினைப்பவர்களும் இதைப் படித்துவிட்டு முன்பணம் கொடுங்கள். என்ஜினைப் பிரித்து வேலை செய்ததாகச் சொல்லி, பிரிக்காமலேயே என்னிடம் முழுப் பணத்தையும் வாங்கிவிட்டார்கள். அந்த ஒர்க்‌ஷாப்பின் பெயரை இங்கே போடவில்லை. நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

என்னுடையது ஆரம்பகால மாடல். 3.8 லிட்டர் வி6, இரண்டு டர்போ. 2007-இல் வந்தபோது 480 குதிரைத்திறன், 588 நியூட்டன் மீட்டர் டார்க் (முறுக்குவிசை). நிசானின் யோகோஹாமா ஆலையில் ஒவ்வொரு என்ஜினையும் முழுக்க ஒரு கைவினைஞரே தன் கையால் பொருத்தினார். அதில் கைவைக்கவே எனக்குத் தயக்கம் இருந்தது. 700 குதிரைத்திறன் என்ற ஆசைதான் ஜெயித்தது.

பெரிய டர்போ, பெரிய இன்ஜெக்டர், பந்தயத் தரத்தில் பிஸ்டனும், பிஸ்டனைக் கிராங்க்ஷாஃப்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடும், கடைசியில் ஈசியூ (என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) டியூனிங். இதுதான் பேச்சு. ராடுதான் இதில் முக்கியம். பூஸ்டை, அதாவது டர்போ உள்ளே தள்ளும் காற்றின் அழுத்தத்தை, ஏற்றிக்கொண்டே போனால் இந்த என்ஜினில் முதலில் கவலைப்பட வேண்டியது கம்பெனி ராடைப் பற்றித்தான். அதை வளைப்பது குதிரைத்திறன் அல்ல, டார்க். குறைந்த ஆர்பிஎம்மில் முழு பூஸ்ட் வரும்போது சிலிண்டருக்குள் எழும் அழுத்தம் நேராக ராடின் மேல்தான் இறங்கும்.

மூன்று மாதம் வண்டி அங்கே நின்றது. பார்க்க வரட்டுமா என்று கேட்டால், "என்ஜின் திறந்திருக்கிறது சார், தூசி போய்விடும்" என்பார்கள். நியாயமாகத்தான் பட்டது. கழற்றிய பழைய பிஸ்டனையும் ராடையும் கேட்டேன். "பழைய இரும்போடு போய்விட்டதே சார்" என்றார்கள். அந்த இடத்திலேயே நான் விழித்திருக்க வேண்டும். ஆறு பிஸ்டன், ஆறு ராடு, ஒரு அட்டைப்பெட்டியில் அடங்கிவிடும். அதை வாடிக்கையாளரைக் கேட்காமல் யாரும் தூக்கிப் போடுவதில்லை.

டெலிவரியின்போது ஒரு டைனோ (குதிரைத்திறனை அளக்கும் இயந்திரம்) தாளைக் கொடுத்தார்கள். 712 என்று பெரிதாகப் போட்டிருந்தது. அது சக்கரத்தில் அளந்ததா, என்ஜினுக்குக் கணக்குப் போட்டதா என்று இல்லை. நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டியில் அந்த இரண்டுக்கும் நடுவே பெரிய வித்தியாசம் வரும். பூஸ்ட் கோடு, காற்று-எரிபொருள் விகிதக் கோடு, திருத்தக் காரணி (வானிலைக்கு ஏற்ப அளவைத் திருத்தும் எண்) எதுவும் தாளில் இல்லை. ஒரே ஒரு அழகான வளைகோடு மட்டும்.

முதல் சில வாரம் வண்டி பறந்தது, மறுக்கவில்லை. அப்புறம் ஐடிலில், அதாவது வண்டி நின்றபடி என்ஜின் ஓடும்போது, லேசான நடுக்கம். வேறொரு டியூனரிடம் கொண்டுபோனேன். அவர் லாக் (என்ஜின் ஓடும்போது பதிவாகும் அளவுகள்) எடுத்துப் பார்த்துவிட்டு உடனே வண்டியை அணைக்கச் சொன்னார். முழு பூஸ்டில் 11.5-ஐ ஒட்டி இருக்க வேண்டிய காற்று-எரிபொருள் விகிதம் 13-ஐத் தொட்டுக்கொண்டிருந்தது, அதாவது எரிபொருள் போதவில்லை. சிலிண்டர் காற்றை எவ்வளவு நெருக்குகிறது என்று பார்க்கும் கம்ப்ரஷன் டெஸ்டில் ஐந்து சிலிண்டர் ஒரே அளவு, ஒன்று மட்டும் நன்றாகக் குறைவு. காற்று கசிகிறதா என்று பார்க்கும் லீக் டவுன் டெஸ்டில் ஆறுமே சரி.

காற்று எங்கும் கசியவில்லை, அப்படியும் அழுத்தம் குறைகிறது. ராடு வளைந்து குட்டையாகிவிட்டால், பிஸ்டன் முழு உயரத்துக்கு ஏறாது, காற்று போதிய அளவு நெருக்கப்படாது என்று அவர் விளக்கினார். ஸ்பார்க் பிளக் துளை வழியாக போர்ஸ்கோப் கேமராவை இறக்கினார். தொள்ளாயிரம் கிலோமீட்டர்கூட ஓடாத "புது" பிஸ்டனின் தலையில் கரி தடிமனாக அப்பியிருந்தது.

என்ஜினைப் பிரித்தோம். ஆறும் கம்பெனி ராடு, கம்பெனி பிஸ்டன். டர்போ உண்மையானது, இன்ஜெக்டர் உண்மையானது. பானெட்டைத் திறந்தால் கண்ணில் படுகிற எல்லாவற்றையும் ஒழுங்காக மாற்றியிருக்கிறார்கள், கண்ணில் படாததை மட்டும் விட்டுவிட்டார்கள். பணம் போனதைவிட என்னால் மன்னிக்க முடியாதது இதுதான்: உள்ளே இருப்பது பழைய ராடு என்று தெரிந்தே அவ்வளவு பூஸ்ட் ஏற்றியிருக்கிறார்கள். வேகத்தில் போகும்போது ராடு உடைந்து பிளாக்கைப் பொத்துக்கொண்டு வந்தால் சூடான எண்ணெய் எக்ஸாஸ்ட் மேலும் டயர் மேலும் கொட்டும். பக்கத்து இருக்கையில் என் மகன் உட்கார்ந்து வந்த நாட்கள் உண்டு.

பழைய இடத்தில் போய்க் கேட்டதற்கு, "நீங்கள் ஓட்டிய விதம் அப்படி" என்றார்கள். பில்லை எடுத்துக் காட்டலாம் என்றால் அதில் "என்ஜின் வேலை" என்று ஒரே வரி. பாகத்தின் பெயரும் இல்லை, எண்ணும் இல்லை. ராடு பற்றி அவர்கள் சொன்னதெல்லாம் வாய்ப்பேச்சு, என்னால் எதையும் நிரூபிக்க முடியவில்லை. நீங்கள் கொடுக்கும் முன்பணத்துக்கு எதிராக ஒவ்வொரு பாகத்தின் எண்ணையும் எழுதி வாங்குங்கள். என்ஜினை மூடுவதற்கு முன் நேரில் போய் நில்லுங்கள். வரவேண்டாம் என்றால் வண்டியைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள். டைனோ தாளோடு அசல் லாக் ஃபைலையும் கேளுங்கள்.

இப்போது வேலை செய்பவரிடம் நான் கேட்கவே தேவைப்படவில்லை. புது ராடு ஒவ்வொன்றையும் பொருத்தும்போது எண் தெரியும்படி படம் எடுத்து அனுப்பினார். பழைய ஆறையும் சிலிண்டர் எண் எழுதித் தனித்தனிப் பையில் போட்டுக் கொடுத்தார். வளைந்தது மூன்றாவது. அதை மேசைமேல் வைத்து ஸ்கேலை ஒட்டிப் பிடித்தால் நடுவில் வெளிச்சம் தெரிகிறது.